பெருமாளுக்கு ஒரு திருத்தப்பட்ட பிளான்

ஸ்ரீரங்கத்தின் முதல் கட்டுமானக் குளறுபடிக்கு வெள்ளைக்காரன் காரணமில்லை. பிள்ளையார்தான். பெருமாளோடு இலங்கைக்குப் போக வேண்டிய விமானத்தை, காவிரிக்கரையில் நின்ற ஒரு பையன் கையில் நம்பிக் கொடுத்துவிட்டு விபீஷணன் அனுஷ்டானத்துக்குப் போனான். பையன் அதைத் தரையில் வைத்துவிட்டான். வந்து தூக்கினால் அசைந்தால்தானே? துரத்திப் போய் மலை உச்சியில் ஒரு குட்டு வைத்த பிறகுதான் பையன் யாரென்று தெரிந்தது. குட்டு வாங்கியவர் உச்சிப் பிள்ளையாராக அங்கேயே தங்கிவிட்டார். பெருமாளும், ‘சரக்குதான் வந்து சேரவில்லை, பார்வையாவது வரட்டும்’ என்று தெற்கு நோக்கிப் படுத்துக்கொண்டார்.

இப்படி இடம் அமைந்த கோயிலுக்கு ஒரே பிளான் எங்கிருந்து வரும்? மூலவரை நகர்த்த முடியாது. கருவறையை இடித்துப் பெரிசாக்கவும் முடியாது. ராஜாவுக்குப் பேர் வேண்டுமென்றால் வெளியேதான் கட்டியாக வேண்டும். தர்மவர்மா ஒரு சுற்று, ராஜமகேந்திரன் ஒரு சுற்று, குலசேகரன் ஒரு சுற்று, ஆலிநாடன் ஒரு சுற்று என்று கிளம்பி, கடைசியில் அடையவளைந்தான் என்ற வெளிச்சுற்றோடு ஏழு மதில், 21 கோபுரம், 156 ஏக்கர். பின்னால் வந்தவன் முன்னவனைவிட நாலு முழமாவது உயர்த்திக் கட்டாவிட்டால் மாமனார் வீட்டில் மதிப்பிருக்காது.

வெளியூர்க்காரர்கள் இதில் அவரவர் தேடி வந்ததைக் கண்டுகொண்டார்கள். 1752இல் பிரெஞ்சுப் படையும் அவர்களுடைய கூட்டாளி சந்தா சாகிபின் ஆட்களும் காவிரித் தீவுக்குள் வந்து, ஸ்ரீரங்கத்து மதிலையும் திருவானைக்காவல் மதிலையும் பார்த்து, ‘அடடா, கோட்டை!’ என்று உள்ளே புகுந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சோறு தீர்ந்து சரணடைந்தார்கள். அதே பிரெஞ்சுக்காரர்களில் ஒருவன் பக்தனாக வேஷம் போட்டுப் பெருமாள் கண்ணிலிருந்த வைரத்தைப் பெயர்த்து ஓடினான், அதுதான் இன்று மாஸ்கோவில் இருக்கும் ஆர்லோவ் வைரம் என்றொரு கதையை ஐரோப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது. யோக நித்திரையில் இருப்பவருக்குக் கண்ணில் எதற்கு வைரம் என்று யாரும் கேட்கவில்லை.

கோட்டையையும் வைரத்தையும் விட்டுவிட்டு, கோயிலைக் கோயிலாகவே பார்த்து மார்க் போட வந்தவர் ஜேம்ஸ் ஃபெர்குசன். ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தா பக்கம் அவுரி வியாபாரத்தில் பணம் பண்ணியவர். கட்டடக்கலையை எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. ஆனாலும் ஊர் ஊராகப் போய் அளந்து, வரைந்து, எழுதித் தள்ளியதில் லண்டன் கட்டடக் கலைஞர்கள் 1871இல் தங்கப் பதக்கமே கொடுத்துவிட்டார்கள். 1876இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வந்த தீர்ப்பு: கோயில் பெரிசுதான், ஆனால் அமைப்பு தலைகீழ். வெளியே மலை மலையாகக் கோபுரம், உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போய், நடுவில் பொன் முலாம் பூசிய ஒரு குட்டி விமானம். கோபுரங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் தேறும், ஒன்றாகச் சேர்த்தால் இதைவிட மோசமான அடுக்கு கிடையாது.

திட்டியதோடு விட்டாரா? திருத்திய பிளானும் கையோடு கொடுத்தார். வெளியே நிற்கும் நான்கு பெரிய கோபுரங்களைப் பிடுங்கி நடுவே ஒரு மண்டபத்தைச் சுற்றி நிறுத்துங்கள், மற்றவை வெளியே போகப் போகச் சிறுக்கட்டும், அப்போது பாருங்கள் அழகை!

பார்ப்போம். வைகுண்ட ஏகாதசி. ஊர் மொத்தமும், வெளியூர் மொத்தமும், ஃபெர்குசன் பிளான்படி முதலில் மடைப்பள்ளிக் கதவளவு வாசலில் முட்டி நிற்கிறது. அதில் பிழைத்தவர்கள் கொஞ்சம் பெரிய வாசலுக்கு வருகிறார்கள். கடைசியில், ஒவ்வொருவராக நகர வேண்டிய இடத்தில், யானை மேல் யானை போகிற வாசல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இதில் சித்திரைத் தேரை எந்த வீதியில் இழுப்பது என்று கேட்டால் அவர் லண்டனுக்கு டிக்கெட் எடுத்திருப்பார்.

கட்டிய ராஜாக்கள் போட்டிக்காகவே கட்டியிருக்கட்டும், ஆனால் கூட்டம் தானாகவே ஒரு கணக்கை உண்டாக்கிவிட்டது. வெளியே ஊர்: சைக்கிள், பசுமாடு, பூக்கடை, காபி. சித்திரை வீதி, உத்தர வீதி தாண்டினால் கோயில். கார்த்திகை கோபுர வாசல், ஆரியபடாள் வாசல், நாழிகேட்டான் வாசல் என்று வரவர இடமும் வெளிச்சமும் குறைகின்றன, பேச்சும் குறைகிறது (வரிசையில் முன்னால் நிற்கும் மாமி விதிவிலக்கு). உள்ளே அர்ச்சகர் ஒற்றைத் தீபத்தை இடப்பக்கம் திருமுடியிலிருந்து வலப்பக்கம் திருவடி வரை நகர்த்துகிறார். கிடந்த கோலம் அத்தனை நீளம். ஒரே பார்வையில் அடங்காது, தலையைத் திருப்பித்தான் சேவிக்க வேண்டும். திருவடிக்கு வருவதற்குள் ‘நகருங்கோ’ வந்துவிடும். இந்த இடத்துக்கு வர ஃபெர்குசனுக்கு அனுமதி கிடையாது. பந்தியில் உட்காராதவரிடம் சாப்பாட்டுக்கு மார்க் கேட்டால், வாசல் பந்தலைப் பற்றித்தானே சொல்வார்?

இதே பாடத்தில் ஜப்பான் முதல் வகுப்பில் தேறியதுதான் வயிற்றெரிச்சல். ஃபெர்குசன் புத்தகம் வந்து 57 வருஷம் கழித்து, 1933இல், ஹிட்லருக்குத் தப்பி ஜப்பானில் போய் இறங்கினார் புரூனோ டவுட் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர். கியோட்டோவில் கட்சுரா மாளிகையைப் பார்த்து உருகினார். இசே கோயிலைப் பார்த்தவர் ஏதென்ஸின் பார்த்தனானுக்குச் சமமாக வைத்தார். இசே எப்படி இருக்கும் தெரியுமா? வேலிக்குள் வேலியாக நான்கு வேலி. சாதாரண ஜனங்களுக்கு வெளி வேலியைத் தாண்டி, அடுத்த வேலி வாசலோடு சரி. நடுவில் புல் கூரை வேய்ந்த சின்ன மர வீடு, அதுவும் 20 வருஷத்துக்கு ஒரு தரம் புதிதாகக் கட்டியாக வேண்டும். அதாவது கோபுரத்தையும் சுண்டல் கடையையும் கழித்த ஸ்ரீரங்கம். இங்கே அது கோளாறு, அங்கே அது தூய்மை.

ஜப்பானிலும் எல்லாருக்கும் பாஸ் மார்க் இல்லை. நிக்கோ தோஷோகு என்ற ஆலயத்தில் பொன்னும் சிவப்பும் பச்சையுமாகப் பூசிய ஒரே வாசலில் 500க்கு மேல் சிற்பம். நம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் அங்கே போனால் சம்பந்தம் பேசிவிட்டு வரும். டவுட் அதை அசட்டு ஆடம்பரம் என்று தள்ளிவிட்டார். ஜப்பான் என்றாலே வெறுமை, வெள்ளைச் சுவர், ஒற்றைப் பூ என்று உலகம் நம்பியதில் இந்த மார்க் ஷீட்டுக்கும் பங்குண்டு. வண்ணம் பூசிய ஜப்பானியர் எவ்வளவோ பேர். பேர் வாங்கியவர்கள் பூசாதவர்கள்.

பிறகு 1979இல் ஃபுமிஹிகோ மாகி என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞரே எழுதினார்: எங்கள் ஊர்களின் சூட்சுமம் நடுவில் நிற்கும் பெரிய கட்டடத்தில் இல்லை, உறை உறையாக உள்ளே போகும் ஆழத்தில் இருக்கிறது, போய்ச் சேரும் இடத்தில் பிரமாதமாக ஒன்றும் வேண்டியதில்லை. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் பயபக்தியோடு அடிக்கோடிட்டுப் படிக்கிறார்கள். நாழிகேட்டான் வாசலில் நின்றவர்களுக்கு இதில் புதுசு எதுவும் இல்லை. என்ன, யாரும் கட்டுரையாக எழுதி வைக்கவில்லை.

ஃபெர்குசன் மேல் எனக்குக் கோபமில்லை. மனுஷன் அளவில் பொய் சொல்லவில்லை. தெற்கே முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரத்தைக்கூட விடவில்லை: திறப்பு 21 அடி சொச்சம் அகலம், அதற்கு இரட்டிப்பு உயரம், நிலைக்கால் ஒவ்வொன்றும் 40 அடிக்கு மேல் ஒரே கல். முடித்திருந்தால் 300 அடிக்குக் கிட்டே போயிருக்கும் என்று கணக்கும் போட்டார். வேலை நின்றதற்கு அவர் சொன்ன காரணம், திருச்சிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்ட பத்து வருஷச் சண்டை.

அவர் தீர்ப்புக்கு ஸ்ரீரங்கத்தின் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. வெளியே பெரிசு கூடாது என்று அவர் எழுதி 111 வருஷம் கழித்து, 1987 மார்ச் 25 அன்று, அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர் முன்னின்று, இளையராஜா உட்படப் பலர் கொடுத்த பணத்தில், அதே மொட்டைக் கோபுரத்தின் மேல் 13 நிலை ஏற்றி, 236 அடி ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அதுவும் எல்லாவற்றுக்கும் வெளியே, அடையவளைந்தானில், இருக்கிற வண்ணமெல்லாம் பூசி. ஃபெர்குசன் கணக்குக்கு இன்னும் 60 அடிக்கு மேல் பாக்கி நிற்கிறது. எட்டாவது மதிலுக்கு யாராவது கிளம்பினால் அதையும் தீர்த்துவிடலாம்.