ஆடி மாதத்தில் கழுகுமலையின் உயரம்: கரிசல் சைக்கிள் பாதைகள் குறித்து ஓர் ஆய்வு

மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில், சந்தடி இல்லாத சாலையில் சைக்கிள் மிதிப்பதை உலகம் முழுக்க உயர்ந்த பொழுதுபோக்காக மதிக்கிறார்கள். பிரான்சில் நடக்கும் பெரிய பந்தயத்தில் மலைகளைத் தரம் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நான்காம் தரம் சிறு மேடு, முதல் தரம் பெரு மேடு, அதற்கும் மேலே எந்தத் தரத்திலும் அடங்காதவை. இந்த வரிசையில் கோவில்பட்டிக்கு எந்த இடம் என்பதே நம் ஆய்வுப்பொருள்.

இடமே கிடையாது என்பது டீக்கடை மரபு. ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 100 மீட்டர் மேலே கிடக்கும் கரிசல் தரை. தெற்கே குருமலை, மேற்கே கழுகுமலை. இரண்டையும் விட்டால் மூச்சு வாங்குவதற்கு ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் என்பார்கள் அம்மரபினர். அவர்கள் பிழை, மேட்டைக் கண்ணால் பார்த்தது. மேடு என்பது முழங்காலுக்குப் புலப்படும் பொருள். அதை அளக்க வேண்டிய இடமும் அதுவே.

நிறுவுவோம். ஆடி மாதம், மேற்குக் காற்று மணிக்கு 25 கி.மீ. ஆள் 65 கிலோ, சைக்கிள் 20 கிலோ. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் உள்ள நம்மூர் வண்டி. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறோம், குனிந்து ஓட்டினால் யாராவது நிறுத்தி நெஞ்சு வலியா என்று கேட்பார்கள். கழுகுமலையை நோக்கி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதித்தால் முகத்தில் அறைவது 40 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். கணக்குப் போட்டால் அந்த 25 கி.மீ. காற்று தரும் கூடுதல் தடை ஏறக்குறைய 38 நியூட்டன். இதே ஆள், இதே வண்டி, காற்றில்லாத நாளில் 100 மீட்டருக்கு நாலரை மீட்டர் உயரும் சாலையில் ஏறினால் கால் என்ன பாடு படுமோ அதே பாடு.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை சுமார் 20 கி.மீ. ஆகவே ஏறும் உயரம் 900 மீட்டர்! ஆல்ப்ஸ் மலையில் அல்ப் துவேஸ் என்ற புகழ்பெற்ற ஏற்றம் ஒன்று இருக்கிறது. 13.8 கி.மீ. நீளம், 21 கொண்டைஊசி வளைவு, உச்சி சேர்வதற்குள் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர். நமக்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சந்தான். அவர்களுக்கு வளைவு, நமக்கு வேகத்தடை. அங்கே ஏறி முடித்தால் பனி தெரியும். இங்கே வெட்டுவான் கோயில் தெரியும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்டுப்போன கோயில். ஏன் விட்டார்கள் என்று அறிஞர்கள் யோசிக்கலாம். ஆடியில் சைக்கிளில் போய்ச் சேர்ந்தவர் யோசிக்கமாட்டார்.

எரிபொருளும் ஆய்வில் அடங்கும். மேற்படி வேகத்தைக் காப்பாற்ற 210 வாட் வேண்டும். கால் குதிரைக்குக் கொஞ்சம் மேலே. உடம்பு தின்றதில் கால்பங்கைத்தான் மிதியாக மாற்றும் என்பதால், கழுகுமலைக்கு ஆகும் செலவு ஆயிரம் கலோரி, அதாவது 200 கிராம் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற இம்மிட்டாய் வேறெங்கும் பிறக்காமல் கோவில்பட்டியில் பிறந்ததற்கு இக்கட்டுரை முதன்முறையாகக் காரணம் காட்டுகிறது. (கடைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல கடலை, நல்ல வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று ஏதோ சொல்கிறார்கள்.)

போன வழியே திரும்பினால் இறக்கந்தானே என்று கடாவுவார் உளர். இறக்கம்தான். ஆனால் காற்றுக்குச் சமமான வேகத்தில் காற்றோடே போகும்போது சட்டை நுனிகூட அசையாது. வெளியே ஊரே பறக்கும். சைக்கிளில் இருப்பவருக்கு மட்டும் புழுக்கம். உலகின் வேறெந்த மலையிலும் இறங்கும்போது இப்படி வியர்க்காது என்க.

இனி இந்த மலையின் தனிச்சிறப்பு. இமயம் வடக்கே இருந்தால் எந்நாளும் வடக்கேதான் இருக்கும். கரிசல் மலை அப்படிப்பட்டதன்று. வைகாசிக்கு மேல் அது மேற்கே நிற்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் கிழக்கே வந்துவிடும். ஆடியில் எட்டயபுரம் பள்ளத்தில் இருக்கிறது. கார்த்திகையில் அதே எட்டயபுரம் மேட்டில். நில அளவைத் துறையார் ஒரே வரைபடத்தோடு நிறுத்திக்கொண்டது இத்துறையில் பெருங்குறை. இதை ஈடுசெய்யவே கயத்தாறு வட்டாரமெங்கும் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். காற்றாலை எந்தத் திசைக்கு முகம் காட்டுகிறதோ அந்தத் திசை மேடு. மின்சாரம் உபரி வரவு.

அடுத்து, சந்தடி இன்மை. நான்குவழிச் சாலையைத் தள்ளிவிடுவோம். அங்கே சைக்கிளுக்குச் சாலையும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒரு கிராமத்துச் சாலை அமைதியானதா என்று அறிய எளிய சோதனை, மினிபஸ் வருகிறதா என்பது. வந்தால் இளையராஜாவும் கூடவே வருவார். வராத சாலையில் வேறு வகைச் சந்தடி உண்டு. தனியாக ஒருவர் சைக்கிளில் போவதைக் கரிசல் காடு சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. "பஸ் போயிருச்சா?", "வண்டி ரிப்பேரா?", "யாரு வீட்டுக்கு?" இம்மூன்று கேள்வியும் ஒவ்வோர் ஊர் மந்தையிலும் இதே வரிசையில் வரும். சும்மாதான் மிதிக்கிறேன் என்ற விடை ஏற்கப்படுவதில்லை. சும்மா மிதிப்பவர் நிலம் வாங்க வந்தவர் என்பது ஊர்த் துணிபு.

கேள்வியே இல்லாத இடம் வேண்டுமென்றால் கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் உள்ள குமாரபுரம் ரயில் நிலையத்தின் பக்கம் போகலாம். அதன் தனிமையைக் கண்டுபிடித்த பெருமை நமக்கில்லை. இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்று கதையே எழுதிவிட்டார்.

திணை வகுக்காமல் தமிழில் ஆய்வு முடியாதாகையால் அதையும் செய்துவிடுவோம். முதற்பொருள் காற்று. கருப்பொருள் சீமைக்கருவேல முள், நெருஞ்சி, ஆட்டுக்கிடை, கிடைநாய், பஞ்சர் கடை பூட்டிய பூட்டு. உரிப்பொருள் தள்ளுதலும் தள்ளல் நிமித்தமும். பெரும்பொழுது கூறுகையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அடைமழைக் காலத்தில் தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கவே கூடாது. கரிசல் மண்ணில் உள்ள களி நீரைக் குடித்துப் பருக்கும் இயல்புடையது; காய்ந்தால் சுருங்கிக் கால் நுழையும் அளவு வெடிக்கும். நனைந்தபோது பத்துச் சுற்று உருண்டால் போதும், டயர் இரு மடங்கு தடித்து மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அதன்பின் சைக்கிள் மேல் ஆள் போவது மாறி, ஆள் மேல் சைக்கிள் போகும். 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியிலேயே இருந்தும், இம்மண்ணில் பருத்தியும் சோளமும் எப்படி வரும் என்று பார்த்ததே தவிர, சைக்கிள் எப்படி வெளியே வரும் என்று பார்க்கவில்லை.

ஆக, ஏறப் பிரியப்படுவோர் ஆடியில் மேற்கே போக. சோம்பேறிகள் விடியுமுன் காற்று ஓய்ந்த நேரத்தில் போய்விட்டு, வெயிலேறிக் காற்று எழுந்தபின் திரும்புக; இது ஏமாற்று வேலை, ஆனால் சிறந்த வழி. இருபுறமும் பச்சை பார்க்க விரும்புவோர் கார்த்திகை, மார்கழியில் விளாத்திகுளம் பக்கம் உளுந்தும் கம்பும் நிற்கையில் மிதிக்க.

காற்றும் மழையும் ஓய்ந்த தை, மாசிதான் உத்தமம் என்று தோன்றும். ஆனால் அப்போது சாலை சாலையாக இருக்காது, களமாக இருக்கும். லாரியும் பஸ்ஸும் ஏறி அடித்துக் கொடுக்கட்டும் என்று உளுந்துச் செடியைச் சாலை நெடுகப் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் மிதிப்பது இன்னொரு நாலரை சதவீதம். ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போக முயன்ற இவ்வாய்வாளரை, வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சும்மா மேலயே ஏறிப் போங்க தம்பி. ஒங்க கனத்துக்கு ரெண்டு நெத்தாவது ஒடையுதான்னு பாப்போம்."