சினிமா எடிட்டிங் இல்லை, மாமி

பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் பிரசாத வரிசையில் நின்றால் யாராவது ஒரு மாமி கேட்டுவிடுவார்: “நீ என்ன பண்றே?” எடிட்டிங் என்பேன். மாமியின் கண்கள் விரியும். “அன்னபூர்ணாவிலயா, ராமா நாயுடுவிலயா?”

ஹைதராபாத்தில் எடிட்டர் என்றால் சினிமா எடிட்டர்தான். ராமோஜி ஃபிலிம் சிட்டி இருக்கிற ஊரில் வேறு என்ன நினைப்பார்கள்? “இல்லை மாமி, புத்தகம். மத்தவா எழுதினதைத் திருத்திக் கொடுப்பேன்” என்றதும் விரிந்த கண்கள் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். “ஓ, டீச்சரா” என்று சர்க்கரைப் பொங்கலுக்குக் கையை நீட்டிவிடுவார்.

பதினாறு வருஷத்துக்கு முன் ஒரு பதிப்பகத்தில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் ஆனேன். அந்தச் சொல்லில் முதல் பாதி மட்டும்தான் எங்கள் அபார்ட்மென்ட்டின் காதில் விழுந்தது. இன்றுவரை மூன்று மாடிகளின் கூரியரும் என் வீட்டு வாசலில்தான் இறங்குகிறது.

நான் யார் என்பதில் வரி பிடிக்கிறவர்களுக்கும் குழப்பம் உண்டு. ஒரு கம்பெனி என்னைத் தொழில்வல்லுநர் என்று மதித்து 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறது. இன்னொன்று கான்டிராக்டர் என்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவரோடு சேர்த்து, 1 சதவீதம் பிடிக்கிறது. மரியாதை குறையக் குறையக் கைக்கு வரும் பணம் கூடுவதால், இந்த ஒரு பிழையை மட்டும் நான் திருத்தப் போகவில்லை.

பதவி உயர்வு? அதை நானே கொடுத்துக்கொண்டேன். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு மின்னஞ்சலின் அடியில் பெயருக்குக் கீழே ‘சீனியர்’ என்று சேர்த்தேன். கூடவே சம்பள உயர்வும் கேட்டுப் பார்த்தேன். நிர்வாகம் நிதிநிலைமையைக் காட்டி மறுத்துவிட்டது.

ஆனால் படிப்பு நிற்பதில்லை. இங்கிலீஷ் வேலைக்கு எங்கள் தர்ம சாஸ்திரம் ‘சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல்’. 1906இல் முதல் பதிப்பு, 2024இல் பதினெட்டாவது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தலையணைக்கு உயரம் அதிகம். பதினேழாவது பதிப்புவரை, தலைப்புகளுக்கு நடுவில் வரும் பிரிபொசிஷன்கள் எத்தனை நீளமானாலும் சின்ன எழுத்தில்தான் தொடங்கவேண்டும். பதினெட்டில், ஐந்து எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் தலைநிமிரலாம் என்று விட்டுவிட்டார்கள். பதினைந்து வருஷம் நான் தலையில் தட்டி உட்கார வைத்த ‘பிட்வீன்’களை இப்போது நானே கைகொடுத்து எழுப்பிவிடுகிறேன். உட்கார வைத்ததற்கும் கூலி, எழுப்புவதற்கும் கூலி. தொழில் வளர்ச்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

இந்த ஊருக்கு எங்கள் ஜாதி புதிதல்ல. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் உருது வழிக் கல்விக்கென்று நிறுவப்பட்டது. அதற்குப் புத்தகம் வேண்டுமே என்று முந்தைய வருஷமே மொழிபெயர்ப்புத் துறை ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். கவிஞர் ஜோஷ் மலிஹாபாதி 1925 வாக்கில் வந்து அங்கே மொழிபெயர்ப்புகளை மேற்பார்வை பார்த்தார். அடுத்தவர் எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தவரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சொந்தமாக, அதுவும் நிஜாமையே சாடி, ஒரு கவிதை எழுதினார், ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கட்டுரையை எழுதும்போது அது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

போன வருஷம் தமிழில் ஒரு புத்தகம் வந்தது, இந்த நகரத்தைப் பற்றியே. முதல் பக்கத்தில் ஊர் ஹைதராபாத். மூன்றாம் பக்கத்தில் ஐதராபாத். ஐந்தில் ஹைத்ராபாத். ஏழில் ஆசிரியருக்கு உணர்ச்சி மேலிட்டு ஐதராபாத்து. செகந்திராபாத்துக்கும் இதே கதி. எழுத்தாளர் அசோகமித்திரன் பிறந்த ஊர் என்பதால் அதை எப்படி எழுதினாலும் சண்டைக்கு ஆள் வரும். பிறகு பிரியாணி. ‘ஐதராபாத் பிரியாணி’யா, ‘ஐதராபாத்துப் பிரியாணி’யா? ஒரு ‘து’வும் ஒரு ‘ப்’பும் கூடினால் ருசி மாறுமா என்று ஒரு முழுச் சாயங்காலம் யோசித்தேன். வார்த்தைக்கு இத்தனை காசு என்று கணக்கு. யோசித்ததற்குக் கணக்கில் இடமில்லை.

இத்தனை வருஷத்தில் நான் நிஜமாகக் கற்றது இலக்கணம் இல்லை, கேள்வி கேட்கும் விதம்தான். ‘இது தவறு’ என்று எழுதினால் ஆசிரியர் ஒரு வாரம் பேசமாட்டார். ‘இப்படியும் இருக்கலாமோ?’ என்றால் பேசுவார். முப்பத்தேழு கேள்விகளைப் பட்டுத்துணியில் சுற்றி அனுப்பினேன். ‘ஹைதராபாத் என்று வைப்பதா, ஐதராபாத் என்று வைப்பதா?’ என்பது முதல் கேள்வி. பதில் வந்தது: ‘ஆமாம்.’

ஐதராபாத் என்று முடிவு செய்தேன். (இந்தக் கட்டுரையில் எப்படி எழுதியிருக்கிறேன் என்று மேலே போய்ப் பார்க்காதீர்கள்.) முந்நூற்றுச் சொச்சம் இடங்களை, ஒவ்வொன்றாக, கண்ணால் பார்த்து மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றும் வசதி உண்டு. ஒரு முறை அதை நம்பி ஒரு நாவலில் ‘ராமன்’ என்ற பாத்திரத்தை ‘ரவி’யாக மாற்றப்போய், ஜெயராமன் ஜெயரவி ஆனார்.

புத்தகம் அச்சாகி வந்தது. நான் பார்த்தது உள்பக்கங்களை மட்டும்தான். அட்டை எடிட்டர் கைக்கு வருவதில்லை, அது டிசைனரின் ராஜ்யம். பெருமையாக ஒரு பிரதியைக் கோயில் மாமியிடம் கொடுத்தேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார், உள்ளே புரட்டினார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“ஏன்டி, வெளியில ஹைதராபாத்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, உள்ள எல்லா எடத்துலயும் ஐதராபாத்னு இருக்கு? யாருடி இதையெல்லாம் பார்த்துத் திருத்தறது?”

“தெரியலை மாமி” என்றேன். “நான் சினிமா எடிட்டிங்தானே.”