ஓட்டையைப் பெருசாக்கினா ஓடிருமாக்கும்!

புல்லட்டு ஹெட்டைக் கழட்டி, போர்ட்டைக் குடைஞ்சு பெருசு பண்ணப் போறியாமா கண்ணு? மொகம் தெரியற அளவுக்கு உள்ளார பாலீஷ் வேற போடோணுமாம். ஏங்கண்ணு, அதுக்குள்ள பூந்து யாரு மொகம் பாக்கப் போறாங்க?

உன்றது பழைய காஸ்ட் அயர்ன் 350. 346 சிசி. போர் 70 எம்எம், ஸ்ட்ரோக் 90 எம்எம். 18 குதிரை. வெசையா சுத்தறதுக்குன்னு செஞ்ச எஞ்சினில்ல அது. மெதுவா சுத்தி, பாரம் இழுக்கறது.

கொடிவேரியில இருந்து வர்ற தடப்பள்ளி வாய்க்காலைப் பாத்திருக்கியல்ல? மதகை அப்பிடியே உட்டுப்போட்டு, நடுவுல மட்டும் அகலமா வெட்டினா தண்ணி எச்சா வருமா? ஓட்டந்தான் தளரும், வண்டல் படியும். இங்க மதகுங்கறது வால்வு சீட்டு. போர்ட்டு அகலமாகி காத்து தளர்ந்துச்சுன்னா, அது தூக்கிட்டு வர்ற பெட்ரோல் துளி சொவத்துல ஒட்டிக்கும். கார்ப்பரேட்டர் வண்டிக்கு இன்டேக்குல லேசா சொரசொரப்பு இருந்தா நல்லதுதான். பாலீஷ் ஆசை அடங்கலையா? எக்ஸாஸ்ட் பக்கம் போட்டுக்க. கரி புடிக்கறதாவது கொறையும்.

அப்ப போர்ட்டிங்கே வெட்டி வேலையான்னு கேக்கறியா? யாரு சொன்னா? செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வேன்னு ரேஸ் டிராக்கு இருக்குது. 2003ல தொறந்தது, நம்ம கோயமுத்தூரு ரேஸ்காரரு கரிவர்தன் பேருல. அங்க ஓட்டறவன் எஞ்சினை உச்சத்துலயே வெச்சுச் சுத்தறான். அவனுக்குக் காத்து வேணும். அவனும் கண்ட எடத்துல குடையறதில்லை. சீட்டுக்குக் கீழ, போர்ட்டு வளையற முடுக்குல, வால்வு கைடு துருத்திட்டு நிக்கற எடத்துலதான் கை வெக்கறான். சீட்டை 30, 45, 60 டிகிரின்னு மூணு கோணத்துல வெட்டறான். இங்கிலாந்துல ஹாரி வெஸ்லேக்னு ஒருத்தரு இருந்தாரு. மினி கார் எஞ்சின் ஹெட்டுக்கு வடிவம் குடுத்தவரு. காத்து எவ்வளவு போகுதுன்னு அளந்துட்டுத்தான் ஹெட்டைத் தொடுவாரு. உன்ற மெக்கானிக்கு எதை வெச்சு அளக்கறான்? சுண்டுவெரலை உள்ள உட்டுப் பாத்துட்டு "நல்லா வருதுங்"கறான்!

நீ எங்க ஓட்டப் போறே? கோபியில இருந்து சத்தி. மிஞ்சிப்போனா திம்பம். அங்க 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் வண்டி தளர்ந்து, அடியில இருந்து இழுக்கோணும். அந்த இழுவையைத்தான நீ காசு குடுத்துக் குடைஞ்சு எடுக்கச் சொல்றே? சொரண்டின உலோகம் மறுக்கா மொளைக்குமா?

ஹெட்டைக் கழட்டியே தீருவியா? சரி, வால்வை மூடி வெச்சு போர்ட்டுல பெட்ரோல் ஊத்து. கசிஞ்சா வால்வைத் தேச்சு உக்கார வை. கேஸ்கட்டு போர்ட்டு வாயை மறைச்சா அதை மட்டும் ஒழுங்கு பண்ணு. புஷ்ராடை வெரல்ல உருட்டினா உருளோணும், மேல கீழ ஆடப்படாது. கார்ப்பரேட்டர் சேர்ற எடத்துல காத்து ஒழுகுதான்னு பாரு. பாயிண்டைச் சரி பண்ணு. காணாமப் போன குதிரையில பாதி, இதுலயே ஊடு திரும்பிரும்.

அப்பறமும் கையில காசு மிச்சமிருக்குதா? முன்னாடி பிரேக்கு டிரம்மைத் தொறந்து, லைனர் தேஞ்சிருச்சான்னு பாரு. நிக்கத் தெரியாத வண்டிக்கு ஓடற அவசரம் எதுக்குங் கண்ணு?