எரியாத டெஸ்டர்

1980களில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மின்சார வேலைக்கென்று இருந்த கருவிகள் கூடத்து அலமாரியில் ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், அட்டையில் சுற்றிய ஃபியூஸ் கம்பி, கறுப்பு இன்சுலேஷன் டேப். இன்று தாம்பரத்து ஃப்ளாட்டில் என் மகளின் பையில் மல்டிமீட்டர், தொடாமலே கத்தும் பேனா டெஸ்டர், இருமுனை டெஸ்டர், பிளக் மாதிரி செருகிப் பார்க்கும் சாக்கெட் டெஸ்டர் என்று எல்லாம் இருக்கின்றன. கருவி பெருகியிருக்கிறது. கம்பியில் கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாறவில்லை. ‘கரண்ட் இல்லை’ என்று இது சொல்கிறதே, அதை நம்பிக் கை வைக்கலாமா?

டெஸ்டர் எரிந்தால் யாரும் தொடப்போவதில்லை, ஆபத்தும் இல்லை. எரியாதபோதுதான் உயிர் அதன் கையில் இருக்கிறது. கருவி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்பாவின் டெஸ்டரைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கம்பிமுனைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், விரல் நகத்தளவு நியான் பல்பு, ஒரு ஸ்பிரிங், மேலே உலோக மூடி. மூடியில் விரல் வைத்தால் மின்சாரம் ரெசிஸ்டரையும் நியானையும் கடந்து நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. 230 வோல்ட்டில் அது கால் மில்லி ஆம்பியரைத் தாண்டாது, உடம்புக்குத் தெரியாது. ஆனால் சர்க்யூட்டில் நம் உடம்பும் ஓர் அங்கம் என்பதை மறக்கக் கூடாது. ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் ஏறி நின்றால் வெளிச்சம் மங்கிவிடும். பாதுகாப்புக்காகச் செய்கிற காரியமே கருவியின் கண்ணை மறைக்கிறது. முற்றத்து வெயிலில் அந்த ஆரஞ்சு நிறப் பொட்டு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது, உள்ளங்கையால் மூடித்தான் பார்க்க வேண்டும். போதாததற்கு வீட்டில் எல்லாரும் அதையே ஸ்க்ரூ டிரைவராகவும் பயன்படுத்தினார்கள். முறுக்கி முறுக்கிப் பிடி விரிசல் விட்டு, உள்ளே ஈரம் இறங்கிய டெஸ்டரை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்!

எங்கள் தெருவுக்கு வந்து போன வயர்மேன் மாமா டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்திருப்பார், ஆனால் அதை வைத்து எதையும் முடிவுகட்ட மாட்டார். அவர் நம்பியது டெஸ்ட் லேம்ப்பை. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். மூன்று ஃபேஸ் வந்த வீடுகளுக்கு இரண்டு பல்பைத் தொடராகக் கட்டிய இன்னொன்று வைத்திருந்தார். இரண்டு ஃபேஸுக்கு நடுவே நானூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஒற்றைப் பல்பு தாங்காது. வேலை தொடங்கும் முன் விளக்கைக் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து எரியவிடுவார். பிறகு வேலை செய்யும் இடத்தில் வைப்பார். எரியாது. உடனே கை வைக்காமல், திரும்பவும் அந்தப் பழைய பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். நடுவில் பல்பு ஃபியூஸ் போயிருந்தால்? வயர் விட்டுப்போயிருந்தால்? மூன்றாவது தடவை பார்ப்பது அதற்குத்தான். மெயின் போர்டிலிருந்து உருவிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வேலை முடியும்வரை தன் பையிலேயே வைத்திருப்பார். வேறு யாரும் தெரியாமல் கரண்டைப் போட்டுவிட வழியே இல்லை.

அவர் வேலை செய்யும்போது டார்ச் பிடிப்பது நான். “பாப்பா, வெளிச்சத்தை என் கையில அடி, மூஞ்சியில அடிக்காத” என்பார். பெண்பிள்ளைக்கு அந்த வீட்டில் மின்சாரத்தோடு அனுமதிக்கப்பட்ட உறவு அவ்வளவுதான்.

ஒரு மழைநாளில் கூடத்து விளக்கும் ஃபேனும் நின்றுபோயின. அப்பா பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டரை விட்டுப் பார்த்தார். இரண்டிலும் எரிந்தது. “ரெண்டுலயும் லைன் வருதே, எப்படி?” என்று அவர் குழம்பி நின்றபோது வயர்மேன் மாமா வந்தார். தன் டெஸ்ட் லேம்ப்பின் இரண்டு வயரையும் இரண்டு ஓட்டையிலும் வைத்தார். எரியவில்லை. “நியூட்ரல் கட்டு சார். போட்டிருக்கிற பல்பு வழியா ரிட்டன் வருது” என்றார். கூடத்து சுவிட்சுகளையெல்லாம் அணைத்ததும் ஒரு ஓட்டையில் டெஸ்டர் அணைந்தது. லைன் பல்பின் இழை வழியாக வந்து, போக வழியில்லாமல் நியூட்ரல் கம்பியில் நின்றிருக்கிறது. நியூட்ரலின் கறுப்பு வயர்தானே என்று நம்பி யாராவது தொட்டிருந்தால் ஷாக் அடித்திருக்கும். விளக்கு மட்டும் கையில் இருந்தால் ‘கரண்டே இல்லை’ என்று தோன்றியிருக்கும். டெஸ்டர் மட்டும் இருந்தால் ‘இரண்டும் லைன்’ என்று தோன்றியிருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தபோதுதான் உண்மை வெளியே வந்தது.

அந்த ஒரு காட்சிக்காகவே, எந்த ஒற்றைக் கருவியையும் நம்பி வேலையில் இறங்காதே என்று மகளிடம் சொல்லி வளர்த்தேன். போன மாதம் படுக்கையறை ஃபேன் ரெகுலேட்டரை அவளே மாற்றினாள். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வந்து பேனா டெஸ்டரைப் போர்டு அருகில் கொண்டுபோனாள். அது கத்தியது.

“அம்மா, ஆஃப் பண்ணியும் கத்துதே?”

“இன்வெர்ட்டர்டி. மெயின் போனதும் அது எடுத்துக்கிச்சு.”

இன்றைய வீடு எங்கள் பழைய வீட்டைவிட ஆபத்தானது இந்த இடத்தில்தான். அன்று ஃபியூஸ் கட்டையை உருவினால் கதை முடிந்தது. இன்று மெயினை அணைத்த நொடியே ஃபேனுக்கும் லைட்டுக்கும் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட் வந்துவிடுகிறது. இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் போதாது. பல இன்வெர்ட்டர்களில் அணைத்த பிறகும் ஈ.பி. கரண்ட் அப்படியே ஊடாகப் போகும். இரண்டையும் அணைக்க வேண்டும், அணைத்த பிறகு சோதிக்க வேண்டும்.

பேனா டெஸ்டர் அன்று நல்ல காரியம் செய்தது. ஆனாலும் கடைசி வார்த்தையை அதனிடம் விட மாட்டேன். வயரைச் சுற்றியுள்ள மின்புலத்தை மட்டுமே அது உணர்கிறது. எர்த் செய்த உலோகக் குழாய்க்குள் வயர் இருந்தால் அதற்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்தால் பேசாது. பக்கத்து வயரில் கரண்ட் இருந்தால், அணைத்த வயருக்கும் சேர்த்துக் கத்தும். கட்டிலோரத்து டூ வே சுவிட்சில் இதைப் பார்த்தோம். எங்கும் சேராமல் தொங்கிய வயருக்குப் பேனா கத்தியது. மல்டிமீட்டரோ எழுபது, எண்பது என்று ஊசலாடியது. டிஜிட்டல் மீட்டர் கம்பியிலிருந்து அநேகமாக எதையும் இழுப்பதில்லை. அதனால் பக்கத்து வயரிலிருந்து காற்றுவழி தொற்றிக்கொண்ட வெற்று வோல்ட்டையும் உண்மை போலக் காட்டிவிடும். சுவிட்சை அணைத்தபின்னும் இரவில் எல்.இ.டி. பல்பு லேசாக மினுங்குகிறதே, பல வீடுகளில் அதற்கும் இதுதான் காரணம். சில வீடுகளில் சுவிட்சை லைனுக்குப் பதில் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அது விபரீதம், பல்பு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் லைன் நிற்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது இருமுனை டெஸ்டர். இரண்டு கைப்பிடி, நடுவில் ஒரு வயர், ஒரு பிடியில் வோல்ட்டைக் காட்டும் விளக்குகள். பொத்தானை அழுத்தினால் சிறிது லோடு ஏற்றும், வெற்று வோல்ட் உடனே விழுந்துவிடும். வயர்மேன் மாமாவின் குண்டு பல்பு செய்த வேலையைத்தான் இது செய்கிறது, கையில் கண்ணாடி உடையும் பயமில்லாமல். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால், ஐ.இ.சி. 61243-3 என்று குறித்த இருமுனை டெஸ்டரைத்தான் சொல்வேன்.

மல்டிமீட்டர் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி ஊர்ப்புறக் கடை வரை தொங்கும் மலிவு மீட்டர்கள் பேட்டரியும் ரெசிஸ்டரும் அளக்கப் போதும். அவற்றை மெயின் போர்டுக்குக் கொண்டுபோகாதே என்று விற்கிறவர்களே சொல்ல வேண்டும், சொல்வதில்லை. மீட்டரில் வயர் செருகும் ஓட்டைக்கருகே ‘கேட்’ (CAT) என்ற குறியும் எண்ணும் இருக்கும். பிளக் பாயின்ட்டுக்கு கேட் 2 போதும். எம்.சி.பி. போர்டுக்கு கேட் 3, 600 வோல்ட்டாவது வேண்டும். போர்டில் ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரை போகலாம், மலிவு மீட்டருக்குள் இருக்கும் மெல்லிய கண்ணாடி ஃபியூஸ் அதை நிறுத்தாது. சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் விட்டுவைத்தபடி வோல்ட் பார்க்கப் போனால், மீட்டரே ஷார்ட் கம்பி ஆகிவிடும். வயரின் முனையையும் பாருங்கள். உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரியக் கூடாது என்பது பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு தரும் அறிவுரை. நம் கடையில் கிடைப்பவற்றில் விரற்கடை அளவு நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்து டெர்மினலில் பட அதுவே போதும்.

எர்த்தைப் பார்க்க வயர்மேன் மாமா விளக்கின் ஒரு வயரை லைனிலும் இன்னொன்றை எர்த் முனையிலும் வைப்பார். நியூட்ரலில் எரிந்த அளவே எரிந்தால் எர்த் நன்று, மங்கினால் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அன்று அதுதான் வழி. இன்று அதைச் செய்யக் கூடாது. எர்த் எங்காவது விட்டுப்போயிருந்தால், அந்தச் சோதனை நடக்கும்போது வீட்டிலுள்ள ஃப்ரிட்ஜ், கிரைண்டர், கீசர் உடம்பிலெல்லாம் லைன் ஏறிவிடும். அந்த நேரம் யாராவது ஃப்ரிட்ஜைத் திறக்கலாம். எர்த் சரியாக இருந்தாலோ 60 வாட் பல்பு இழுக்கும் கால் ஆம்பியருக்கு மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்து வீடே இருண்டுவிடும். சாக்கெட் டெஸ்டரைச் செருகி மூன்று விளக்கும் சரி என்று காட்டினாலும் நிம்மதி வேண்டாம். எர்த் முனையை நியூட்ரலோடு லூப் அடித்துவைத்த பிளக்கிலும் அது சரி என்றே காட்டும். மகள் ஒரு பிளக்கைக் கழற்றி அப்படிப்பட்ட லூப்பைக் கண்டுபிடித்தாள். நல்ல பச்சை வயர் பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்தது, எதிலும் சேரவில்லை.

அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். மீட்டர் போர்டும் அதற்கு முன்னால் இருப்பதும் ஈ.பி.யைச் சேர்ந்தவை, அங்கே நமக்கு வேலையில்லை. சுவருக்குள் இன்சுலேஷன் நைந்திருக்கிறதா என்பதை மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்க முடியாது, அதன் பேட்டரி தரும் சில வோல்ட்டில் நைந்த வயரும் நல்ல வயராகவே தெரியும். அதற்கு 500 வோல்ட் டி.சி. தரும் மெக்கர் வேண்டும், ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைனில் பழுதைத் தேட வேண்டும். பல்பு, ஃபேன், எலெக்ட்ரானிக் சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றில் சில கெட்டுவிடலாம். குளியலறைச் சுவரில் ஈரம் ஏறியிருப்பதால், தகுதிச் சான்று உள்ள வயர்மேன் ஒருவரை மெக்கரோடு வரச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பச்சை வயர் எர்த் குழிவரை போகிறதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.