தாகேதாவில் நிகழ்காலம்: ஒரு சூத்திரமும் உரையும்

சூத்திரம்:

கையிற் கோப்பை ஆவி பறக்க
நாளைக் கடையில் நடந்திடும் நெஞ்சம்
மின்வரின் அன்றி மீளா தென்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், தேநீர்க்கடைக் குட்டை ஸ்டூலில் உடம்பு உட்கார்ந்திருக்க, மனம் மட்டும் நாளைக்குக் கிளம்பிப் போவதையும், அது திரும்பி வரும் காரணத்தையும் உணர்த்துதல் நுதலிற்று.

இடம்: யாங்கோனுக்குக் கிழக்கே, பசுண்டாங் ஓடைக்கு அக்கரையில் உள்ள தாகேதா. நகர நடுவில் குடிசை போட்டிருந்தவர்களைக் குடியேற்ற 1959இல் வகுத்த புதுநகர். இனி வரப்போவதை நம்பிப் பிறந்த ஊராகையால் நாளைய நினைப்பு மண்ணின் குணம் என்பார் உளர். அது பொருந்தாது. மண்ணைக் குறை சொன்னால், உடன்பிறந்த புதுநகர்களான ஒக்கலாப்பாக்கள் இரண்டும் வழக்குக்கு வரும்.

காலம்: யாங்கோன் கடிகாரம் சென்னைக்கு ஒரு மணி முந்தியது, பாங்காக்குக்கு அரை மணி பிந்தியது. சென்னைத் தங்கையோடு போனில் பேசும் தாகேதா அண்ணன் ஏற்கெனவே அவளை ஒரு மணி நேரம் முந்திவிட்டார். அதுவும் போதாமல் இன்னும் கிழக்கே எட்டிப் பார்க்கிறார்.

வகை: மனம் போகும் வழி மூன்று.

முதலாவது எண்வழி. ‘டூடி’ எனும் இரண்டு இலக்கச் சூதாட்டத்துக்கு எண் தருவது தாய்லாந்துப் பங்குச் சந்தை. அந்தச் சந்தையில் ஒரு பங்குகூட இல்லாதவரும் அதன் ஏற்ற இறக்கத்தில் மூச்சை ஏற்றி இறக்குவர்.

இரண்டாவது கிழமைவழி. பர்மியச் சோதிடத்தில் வாரத்துக்கு எட்டுக் கிழமை. புதன் பிற்பகல் ராகுவுக்குத் தனியே எழுதி வைக்கப்பட்டது. நமக்கோ தினமும் ஒன்றரை மணி ராகுகாலம். இரண்டையும் பார்க்கும் தமிழருக்கு நல்ல நேரம் கொஞ்சமே மிஞ்சும். அதைத் தேடி மனம் அடுத்த வாரம்வரை போவது குற்றமாகாது.

மூன்றாவது மின்வழி. எரிவாயு மின்நிலையம் தாகேதாவிலேயே உண்டு, மின்வெட்டும் உண்டு. முறை வைத்து வரும் கரண்ட்டுக்காகக் காத்திருப்பவர் இப்போதைய இருட்டில் இருப்பதில்லை. அடுத்த முறை வெளிச்சத்தில் முன்கூட்டியே குடியிருக்கிறார்.

முன்னோர் கருத்து: இந்நோய்க்கு மருந்து இதே நகரில்தான் பெயர்பெற்றது. 1949இல் யாங்கோனில் தியானம் கற்பிக்கத் தொடங்கிய பௌத்தத் துறவி மகாசி சயாடோ, வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொன்னார். இடையில் மனம் திட்டம் போட்டால், ‘திட்டம்’ என்று மனத்துள் குறித்துவிட்டுத் திரும்ப வேண்டும். 1952இல் தியான மையம் நிறுவிய ஊ பா கின் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். அரசின் வரவு செலவு பார்த்தவர். அவர் மாணவர் கோயங்கா 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுபோன பயிற்சி சென்னைவரை வந்திருக்கிறது.

சோதனை: மகாசி முறையைத் தேநீர்க்கடையில் செய்து பார்த்தோம். ‘திட்டம்: அரிசி’, ‘திட்டம்: பள்ளிக் கட்டணம்’, ‘திட்டம்: வாடகை’ என்று ஒழுங்காகக் குறித்துக்கொண்டே வந்ததில், தேநீர் ஆறுவதற்குள் மாத பட்ஜெட் முடிந்தது. தலைமைக் கணக்காயர் ஒருவர் இத்துறைக்கு ஆசிரியரானதன் பொருத்தம் அப்போது விளங்கிற்று.

முடிபு: கரண்ட் வந்ததும் தெருவே எழுந்து ஓடுகிறது. ஒருவர் மோட்டாரைப் போடுகிறார், ஒருவர் ரைஸ் குக்கரை, ஒருவர் இஸ்திரிப் பெட்டியை. டூடியும் ராகுவும் ஒருவர் நினைவிலும் இல்லை.

தடை: மோட்டார் போடுவதே நாளைத் தண்ணீருக்குத்தானே?

விடை: ஆம். ஆயினும் தொட்டி நிரம்பியதா என்று கண் இப்போது பார்த்தாக வேண்டும். தவறினால் மாடிப்படி நனையும். நாளைக்கான வேலையாயினும் செய்யும் கை இன்றில் இருக்கிறது. கைக்கு வேலை கொடாத நாளையே மனத்தை இழுத்துப் போகும் நாளை என்க.

புறனடை: ஜெனரேட்டர் வைத்திருப்பார்க்கு இவ்விதி செல்லாது. கரண்ட் வந்தாலும் அவர் அடுத்த வார டீசல் விலையில் இருப்பர்.