குடிவழி நோக்கில் கிட்: பலகிளை உழைப்பு பற்றிய நாவற்குடா ஆய்வு

ஓர் உயிர் ஒரே நேரத்தில் எத்தனை கிளைகளில் உட்காரலாம் என்ற வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை குரங்குகளுக்கே விட்டுவைத்திருந்தது. அக்குறை நீக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: நாவற்குடாவில், கல்முனை வீதிக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒரு வீட்டு விறாந்தை. ஆய்வுப்பொருள்: மடிக்கணினியில் மூன்று கறுப்பு யன்னல்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஏஐ உதவியாளரை வேலைக்கு விட்டிருக்கும் மென்பொருள் இளைஞன்.

நிரலின் மாற்ற வரலாற்றைக் கிளைகிளையாகக் காக்கும் கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதினார். ஒரே களஞ்சியத்துக்குப் பல வேலைக் கோப்புறைகள் தரும் 'வேர்க்ட்ரீ' 2015 ஜூலையில், 2.5ஆம் பதிப்போடு வந்தது. இரண்டு கை மட்டுமே உள்ள பலர் அதைச் சீண்டாமலே காலம் தள்ளினர். உதவியாளர்கள் வந்ததும் நிலைமை மாறியது. ஒருவர் வாசிக்கும் கோப்பை மற்றவர் திருத்திவிடாதிருக்க ஆளுக்கொரு கோப்புறை வேண்டுமே. ஆனால் முடியாத மாற்றங்களை ஒளித்துவைக்கும் ஸ்டாஷ் மட்டும் எல்லோருக்கும் பொது. ஒரு கோப்புறையில் ஒளித்ததை இன்னொன்றில் எடுக்கலாம். கூட்டுக்குடும்பத்தின் அலுமாரி வேறெப்படி இருக்கும்?

இனி நம் மையக் கருதுகோள். மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடியைச் சேரும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து சேருவார். கிட்டும் அப்படியே. கிளைகளை இணைக்கும் மேர்ஜுக்குப் பெற்றோர் இருவர் என்றாலும், 'ஃபேர்ஸ்ட் பேரன்ட்' என்று கேட்டால் வரலாறு முதலாமவர் வழியாக மட்டுமே போகும். முதன்மைக் கிளையான மெயினில் நின்று இன்னொரு கிளையை அழைத்தால் மெயினின் குடி தொடரும். சோம்பலில் தன் கிளையில் நின்று மெயினை இழுத்து, பிறகு மெயினை அதற்கு நகர்த்தினால் குடியே மாறிவிடும். கோயில் வண்ணக்கர் உரிமை யாருக்கு என்ற வழக்கு இங்குதான் தொடங்குகிறது. லினக்ஸ் கருவில் 2014இல் 66 பெற்றோர் கொண்ட ஒரு மேர்ஜ் நடந்தது. அந்தவகை இணைப்புக்குப் பெயரே ஒக்டோபஸ். மேலைநாட்டார் திகைத்தனர். நம்மூர் மூத்தோர் திகைக்கமாட்டார்கள்: முதலாவது தாய், மிச்சம் 65 பேரும் மாப்பிள்ளைமார்.

களத்தில் கண்டது வேறு. மூன்று உதவியாளர்களும் திகதியை அச்சிடத் தனித்தனியாக ஒவ்வொரு ஃபங்ஷன் எழுதினர், வெவ்வேறு கோப்புகளில். கிட் எந்த முரணும் சொல்லவில்லை. வரிக்கும் வரிக்கும் உள்ள சண்டையே அதற்குத் தெரியும், கருத்துச் சண்டை தெரியாது. மூன்றும் இணைந்தன. பற்றுச்சீட்டில் ஒரு திகதி, அறிக்கையில் இன்னொன்று. இதைப் பிடிக்கக்கூடியவன் இளைஞன் ஒருவனே. அவனோ முதல் யன்னலின் மாற்றங்களை வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது உதவியாளர் ஏதோ அனுமதி கேட்டுவிட்டு நெடுநேரமாகச் சும்மா நின்றார். எழுதுவது மும்மடங்காகியிருக்கிறது, வாசிக்கும் கண் அதே இரண்டுதான். ஆகவே கிளைகளை உதவியாளர் தொகையால் அளக்காமல், மத்தியானச் சோற்றுக்கு முன் எத்தனை மாற்றங்களை ஒழுங்காக வாசிப்பான் என்பதால் அளக்கவேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. எட்டிப் பார்த்த பெரியம்மா ஆய்வுமுறை ஏதுமின்றியே அதே முடிவுக்கு வந்துசேர்ந்தார்: "மூணு வேலையா மனே? ஒண்டும் முடிஞ்ச மாதிரித் தெரியல்லயே."

மேலாய்வுக்குரியது ஒன்றுண்டு: ஓர் உதவியாளரின் கிளையை இன்னோர் உதவியாளரே வாசித்து அனுமதிக்கும் முறை. சில பிழைகள் அதில் பிடிபடவே செய்யும். ஆனால் இரண்டும் ஒரே மொடல் என்றால், மாப்பிள்ளையின் குணம் விசாரிக்க அவர் தம்பியிடமே போன கதைதான். இளைஞனிடம் இதைச் சொல்லிப் பார்த்தோம். தம்பியை ஏற்கெனவே நாலாவது யன்னலில் ஓடவிட்டிருந்தான்.