மெமரி கார்டுச் சங்கத்துக்கு ஒரு பணிவான மனு

அனுப்புநர்: கல்யாண போட்டோகிராபர்கள், செல்போன் கடைக்காரர்கள், இவர்களிடம் கார்டைக் கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருக்கும் பொதுமக்கள்.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், எஸ்டி அசோசியேஷன், கலிபோர்னியா.

பொருள்: கார்டின் மேல் அச்சிட்டிருப்பதற்கு விளக்கம் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

1999-இல் பானசோனிக்கும் சான்டிஸ்க்கும் தோஷிபாவும் சேர்ந்து எஸ்டி கார்டைக் கொண்டுவந்தன. மறு ஆண்டே சங்கம் வைத்து விதிகள் எழுத உட்கார்ந்த தங்கள் சுறுசுறுப்பை மனுதாரர்கள் மெச்சுகிறார்கள். அன்று உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதே மனுவின் சாரம்.

முதலில் வேகம். கார்டில் ‘சி’ எழுத்துக்குள் 10 இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். ‘யு’ எழுத்துக்குள் 1 இருந்தாலும் அதே 10 எம்பிதான். வி10 என்று போட்டிருந்தாலும் அதேதான். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர் என்று அலைகிறவருக்கு தாலுகா ஆபீஸில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதைத் தாங்கள் அறியமாட்டீர்கள். யு வரிசையில் 1 உண்டு, 3 உண்டு. 2 எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே ரோமன் எண் வேறு. அது இன்னொரு கணக்காம். இத்தனையும் 15 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர் உள்ள மைக்ரோ எஸ்டியின் முதுகில்!

இவற்றுக்கு நடுவே கொட்டை எழுத்தில் ‘170 எம்பி’ என்று ஒரு எண். அது கார்டிலிருந்து படிக்கும் வேகம். தங்கள் யுஎச்எஸ்-1 விதிப்படி உச்சவரம்பே 104 எம்பி. அதைத் தாண்டி ஓடவேண்டுமானால் அதற்கென்றே செய்த ரீடர் வேண்டும். கடைக்காரர் மேஜையில் கிடப்பதோ பழைய யுஎஸ்பி 2.0 ரீடர். அதில் 64 ஜிபி முகூர்த்தப் படங்கள் இறங்க அரை மணி நேரமாகும்; வாசலில் ஆல்பம் கேட்டு நிற்கும் மாமாவுக்கு இதை யார் விளக்குவது?

அடுத்தது கொள்ளளவு. 2006-இல் எஸ்டிஎச்சி, 32 ஜிபி வரை. 2009-இல் எஸ்டிஎக்ஸ்சி, 2 டிபி வரை. 2018-இல் எஸ்டியுசி, 128 டிபி வரை. உருவம் மட்டும் மாறவே இல்லை. அதனால் 64 ஜிபி கார்டு எஸ்டிஎச்சி காலத்து ரீடருக்குள் சமர்த்தாக நுழைந்துவிடும். அதற்கப்புறம் சில கம்ப்யூட்டர்கள் கேட்கும்: “டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?” விவரம் தெரிந்தவர் ‘வேண்டாம்’ கொடுத்து வேறு ரீடரில் போட்டுப் பார்ப்பார், படங்கள் பத்திரமாக இருக்கும். தெரியாதவர் ‘சரி’ கொடுப்பார். தாலி கட்டுவதை ரீடேக் எடுக்க முடியாது.

‘பாட்டு ஏத்தித் தரப்படும்’ என்று போர்டு மாட்டிய கடைக்காரர்களுக்குத் தனிக் குறை உண்டு. 32 ஜிபி கார்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். 5 ஜிபி சினிமாவைப் போட்டால் ஏறாது. ஃபேட்32 முறையில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது என்பதை வாடிக்கையாளர் நம்புவதில்லை, கடைக்காரரைத்தான் சந்தேகப்படுகிறார்.

கடைசியாக, கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக். அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. நகர்த்தினால் உள்ளே இருக்கும் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரீடர் தடவிப் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டால்தான் பூட்டு. அந்தத் துண்டு உடைந்து விழுந்தால் பெரும்பாலான ரீடர்கள் நிரந்தரப் பூட்டு என்று முடிவுகட்டிவிடும்.

ஆகவே, ஒரே வேகத்துக்கு ஒரே பெயர் சூட்டும்படியும், எந்த ரீடரில் எந்தக் கார்டு ஓடும் என்பதை ரீடரின் மேலேயே அச்சிட உத்தரவிடும்படியும், தெரியாத கார்டைக் கண்டால் ஃபார்மட் பேச்சை எடுக்காமல் ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளக் கம்ப்யூட்டர்காரர்களிடம் சிபாரிசு செய்யும்படியும் மனுதாரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: லாக் உடைந்த கார்டு 1. பள்ளத்தின் மேல் செலோடேப் ஒட்டியதால் நல்ல நிலையில் இயங்குகிறது.